அதிகம் உதவக்கூடிய நிருபர் யார்?

2022 பிப்ரவரி 19 அன்று இலங்கைக்கு எதிரான டெஸ்ட் தொடருக்கான இந்திய அணி அறிவிக்கப்பட்டது. ரஹானே, புஜாரா, இஷாந்த் சர்மா ஆகியோருடன் விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹாவின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. அன்று இரவே சாஹா தன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை வெளியிட்டார். இந்திய கிரிக்கெட்டுக்கு இவ்வளவு செய்த பிறகு, மதிப்புக்குரியவர் என்று சொல்லப்படும் ஒரு பத்திரிகையாளரிடமிருந்து தனக்குக் கிடைப்பது இதுதான் என்றும், பத்திரிகைத் தொழில் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது என்றும் அதற்கு மேலே எழுதியிருந்தார்.

அந்த உரையாடல் ஒரு பேட்டி கேட்பதில் தொடங்குகிறது. என்னோடு ஒரு பேட்டி செய்யுங்கள், நன்றாக இருக்கும் என்கிறார் நிருபர். தேர்வாளர்கள் ஒரே ஒரு விக்கெட் கீப்பரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் சிறந்தவரோ அவரை. நீங்களோ பதினொரு பத்திரிகையாளர்களைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தீர்கள், என்னைப் பொறுத்தவரை அது சிறந்த முடிவல்ல, யாரால் அதிகம் உதவ முடியுமோ அவரைத் தேர்ந்தெடுங்கள் என்று தொடர்கிறார். சாஹாவிடமிருந்து பதில் இல்லை. அதன் பிறகு தொனி மாறிவிடுகிறது. நீங்கள் அழைக்கவில்லை, இனி ஒருபோதும் உங்களைப் பேட்டி எடுக்க மாட்டேன், அவமதிப்புகளை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்பவன் அல்ல, இதை நினைவில் வைத்திருப்பேன், நீங்கள் இதைச் செய்திருக்கக் கூடாது என்று அடுத்தடுத்து வருகின்றன வரிகள்.

இந்த வரிகளைப் படித்தவர்கள் பெரும்பாலும் கடைசிப் பகுதியிலிருந்த மிரட்டலைப் பற்றியே பேசினார்கள். அது இயல்புதான். ஆனால் விளையாட்டுப் பத்திரிகைத் தொழிலின் நோய் அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது என்று அன்றே எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படியே நினைக்கிறேன். யாரால் அதிகம் உதவ முடியுமோ அவரைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு நிருபர் ஆட்டக்காரரிடம் சொன்னால், பேட்டி என்பது வாசகருக்காக எடுக்கப்படுவது என்ற அடிப்படையே அங்கே காணாமல் போய்விடுகிறது. ஆட்டக்காரரின் இடத்தைக் காப்பாற்றித் தருவது, தேர்வாளர்களின் காதில் விழும்படி அவர் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது, சரிந்துகொண்டிருக்கும் ஒரு வாழ்க்கைத் தொழிலுக்குத் தொலைக்காட்சியில் முட்டுக்கொடுப்பது ஆகியவை நிருபரின் கையிலுள்ள சரக்குகளாகவும், பேட்டி அவற்றுக்குரிய விலையாகவும் ஆகிவிடுகின்றன. இந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்ளாத ஆட்டக்காரர் நிருபரை அவமதித்தவராகிறார். மிரட்டல் அந்தப் பேரத்தின் மறுபக்கம் மட்டுமே.

எதிரில் இருந்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சாஹாவுக்கு அப்போது வயது 37. 2010-ல் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, மற்றவர்கள் காயமடைந்ததால் கடைசி நேரத்தில் மட்டையாளராக இறக்கப்பட்டு டெஸ்ட் வாழ்வைத் தொடங்கியவர். அதன் பிறகு தோனி டெஸ்டிலிருந்து விலகும் வரை ஆண்டுக்கணக்கில் வெளியே காத்திருந்தார். உலகின் சிறந்த கீப்பர்களில் ஒருவர் என்று பெயரெடுத்த சில ஆண்டுகளுக்குள் இளம் கீப்பர் ரிஷப் பந்த் வந்துவிட்டார். 2021 நவம்பரில் கான்பூரில், கழுத்தைத் திருப்ப முடியாத வலியோடு நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 61 ரன் எடுத்தார். அவர் ஆடிய டெஸ்டுகள் மொத்தம் 40. விளம்பர நிறுவனங்களோ பெரும் ரசிகர் படையோ பின்னால் இல்லாத ஆட்டக்காரர் அவர். இதே வரிகளை உச்சத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்துக்கு எந்த நிருபரும் எழுதியிருக்க மாட்டார். ஆட்டக்காரருக்கு நிருபரைவிடச் செல்வாக்கு குறைந்துவிட்ட தருணம் பார்த்துத்தான் இத்தகைய செய்திகள் அனுப்பப்படுகின்றன.

கிரிக்கெட் நிருபரின் வேலையில் இந்தப் பேரம் எப்படி நுழைந்தது என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் ஒப்பந்தத்திலிருக்கும் ஆட்டக்காரர் நினைத்ததை நினைத்த இடத்தில் பேச முடியாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் செய்தியாளர் சந்திப்பில் யார் வந்து உட்காருவார், யார் எத்தனை கேள்வி கேட்கலாம் என்பதை அணியின் ஊடக மேலாளர் தீர்மானிக்கிறார். இவ்வளவு குறுகிய வாசல் வழியாக ஐம்பது பேர் நுழைய வேண்டியிருக்கும்போது, தனிப்பேட்டி ஒன்று கிடைத்தால் அதுவே நிருபரின் மதிப்பைக் கூட்டுகிறது. அதற்காக நட்பு வளர்க்கிறார்கள். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். மோசமான தொடர் ஒன்றைப் பற்றி எழுதும்போது ஒரு பத்தியை மென்மையாக்குகிறார்கள். ஆட்டக்காரருக்காக அவர் பெயரில் பத்தி எழுதிக் கொடுப்பதும், சுயசரிதையில் துணையாசிரியராக இருப்பதும் இந்த உலகில் கௌரவமான வேலைகளாகவே கருதப்படுகின்றன. இவற்றில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டுகள் இப்படியே கழியும்போது, தான் ஒரு பார்வையாளன் என்பதை மறந்து, அணியின் விவகாரங்களில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கத் தொடங்கும் நிருபர்கள் உருவாகிறார்கள்.

சாஹா பெயரைச் சொல்லவில்லை. முன்னாள் ஆட்டக்காரர்கள் ரவி சாஸ்திரியும் சேவாகும் ஹர்பஜனும் அவருக்கு ஆதரவாக எழுதினார்கள். யார் அந்த நபர் என்று கண்டுபிடிக்க வாரியத் தலைவரே தலையிட வேண்டும் என்றார் சாஸ்திரி. மூன்று நாட்களுக்குப் பிறகு சாஹா மீண்டும் எழுதினார். இத்தகைய நடத்தையைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவும், வேறு யாருக்கும் இது நேரக் கூடாது என்பதற்காகவும் உரையாடலை வெளியிட்டதாகவும், ஒருவரின் வாழ்க்கைத் தொழிலையே முடித்துவிடும் அளவுக்குப் போவது தன் இயல்பல்ல என்றும், அந்த நபரின் குடும்பத்தை எண்ணி இப்போதைக்குப் பெயரைச் சொல்லவில்லை என்றும், மறுபடி நடந்தால் தயங்க மாட்டேன் என்றும் அவர் சொன்னார். இந்த முடிவில் இருந்த கண்ணியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதே நேரத்தில் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பெயர் தெரியாத அந்த இரண்டு வாரங்களில், கிரிக்கெட் எழுதுகிற யார் மீது வேண்டுமானாலும் சந்தேகம் விழக்கூடிய நிலை இருந்தது. பின்னூட்டங்களில் ஊகமாகப் பெயர்கள் வீசப்பட்டன. தவறு செய்யாதவர்கள் மீதும் அந்தச் சேறு தெறிக்கும் என்பதைப் பெயர்களை வீசியவர்கள் பொருட்படுத்தவில்லை.

கிரிக்கெட் வாரியம் ராஜீவ் சுக்லா, அருண் துமால், பிரப்தேஜ் சிங் பாட்டியா ஆகிய மூவரைக் கொண்ட குழுவை அமைத்தது. மார்ச் 5 அன்று சாஹா அந்தக் குழுவைச் சந்தித்து விவரங்களைச் சொன்னார். அன்று இரவே போரியா மஜும்தார் ஒரு காணொளியில் தோன்றி, அந்த நிருபர் தான்தான் என்றும், சாஹா வெளியிட்ட ஸ்கிரீன்ஷாட் திருத்தப்பட்டது என்றும், அவதூறு நோட்டீஸ் அனுப்பப்போவதாகவும் கூறினார். டெண்டுல்கரின் சுயசரிதையில் துணையாசிரியராக இருந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த விளையாட்டு வரலாற்றாய்வாளர், தொலைக்காட்சியில் பல ஆண்டுகளாக அறியப்பட்ட முகம். இருதரப்பு விளக்கங்களையும் பரிசீலித்த குழு, அவருடைய செயல் மிரட்டலும் அச்சுறுத்தலும்தான் என்ற முடிவுக்கு வந்தது. 2022 மே மாதம் வாரியம் மாநிலச் சங்கங்களுக்குக் கடிதம் அனுப்பியது. இந்தியாவில் நடக்கும் உள்நாட்டு, சர்வதேச ஆட்டங்கள் எதற்கும் அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஊடக அனுமதி கிடையாது. பதிவு பெற்ற ஆட்டக்காரர் எவரையும் அவர் பேட்டி எடுக்கக் கூடாது. வாரியத்துக்கும் சங்கங்களுக்கும் சொந்தமான எந்த வசதிக்குள்ளும் அவர் அனுமதிக்கப்பட மாட்டார்.

அன்று பலரும் இதைக் கொண்டாடினார்கள். சாஹாவின் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் அந்த உரையாடலை வெளியிட்டதும் சரி. தனிப்பட்ட உரையாடலைப் பொதுவில் வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: மிரட்டுபவர் ரகசியத்தைப் பாதுகாக்கும் கடமை மிரட்டப்பட்டவருக்கு இல்லை. ஆனால் தண்டனை எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இந்திய கிரிக்கெட்டைப் பற்றி எழுதும் நிருபர் முதலில் கேள்வி கேட்க வேண்டிய அமைப்பு வாரியம். ஒளிபரப்பு உரிமை, மைதான ஒதுக்கீடு, தேர்வுக் குழு நியமனம், தலைவர் பதவிக்கான விதிமுறைகள் எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. அந்த அமைப்பே நிருபரின் நடத்தையை விசாரித்து, அவரைத் தொழிலிலிருந்து விலக்கி வைக்கும் நீதிமன்றமாகவும் ஆகும்போது, இன்று தவறு செய்தவர் மீது எடுத்த அதே கருவி நாளை சங்கடமான செய்தி ஒன்றை எழுதியவர் மீதும் எடுக்கப்படலாம்.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. 2012 நவம்பரில் இங்கிலாந்து அணி டெஸ்ட் தொடருக்காக வந்தபோது, கெட்டி இமேஜஸ் போன்ற புகைப்பட நிறுவனங்களுக்கு வாரியம் அனுமதி மறுத்தது. அதை எதிர்த்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி ஆகிய செய்தி நிறுவனங்கள் அகமதாபாத் டெஸ்டைப் பற்றிச் செய்தி தருவதையே நிறுத்திவைத்தன. அனுமதி அட்டையை வாரியம் தன் வணிக நலனுக்காக எப்படிப் பயன்படுத்தும் என்பதைப் பத்திரிகையுலகம் அன்றே நேரில் பார்த்திருக்கிறது.

வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பதுதான் உண்மை. என் வருத்தமும் அங்கேதான் இருக்கிறது. 1978-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் நாளிதழ்களையும் செய்தி நிறுவனங்களையும் பற்றிய புகார்களை விசாரிக்கலாம், எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. தொலைக்காட்சி அலைவரிசைகள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட அமைப்பு, ஒளிபரப்பான நிகழ்ச்சியைப் பற்றிய புகாரைத்தான் கேட்கும். யூடியூபில் சொந்தமாக அலைவரிசை நடத்தும் நிருபர் இவை இரண்டிலும் அடங்க மாட்டார். ஆட்டக்காரருக்கு நிருபர் அனுப்பிய வாட்ஸ்அப் மிரட்டலைத் தொழில் ஒழுக்கம் சார்ந்த புகாராக எடுத்துக்கொண்டு, இரு தரப்பையும் கேட்டு, காரணத்தோடு ஒரு முடிவை வெளியிடக்கூடிய, பத்திரிகையாளர்களே நடத்தும் செல்வாக்குள்ள அமைப்பு ஒன்று நம்மிடம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ட்விட்டர் புகார்ப் பெட்டியாகவும் வாரியம் நீதிபதியாகவும் ஆயின.

ட்விட்டரைப் புகார்ப் பெட்டியாக்குவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அங்கே எல்லாத் தவறுகளும் ஒரே அளவாகிவிடுகின்றன. 2019 உலகக் கோப்பையின்போது முன்னாள் ஆட்டக்காரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ஜடேஜாவைத் துண்டு துண்டாகச் சில வேலைகள் செய்யும் ஆட்டக்காரர் என்ற பொருளில் பேசி, ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அத்தகையவர்களைத் தான் பெரிதாக விரும்புவதில்லை என்றார். நீங்கள் ஆடியதைப் போல இரு மடங்கு ஆட்டங்கள் ஆடிவிட்டேன், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன், சாதித்தவர்களை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஜடேஜா ட்விட்டரில் பதிலடி கொடுத்தார். அதன் இறுதி வரி இன்னும் கடுமையானது. ஒரு வாரம் கழித்து மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 59 பந்துகளில் 77 ரன் அடித்தார். இந்தியா தோற்றது, ஆனால் ஜடேஜா தன்னை எல்லா வகையிலும் கிழித்தெறிந்துவிட்டார் என்று மஞ்ச்ரேக்கரே ஒப்புக்கொண்டார்.

மஞ்ச்ரேக்கரின் மதிப்பீடு தவறாகிப்போனது. அதைச் சொன்ன விதத்திலும் அலட்சியம் இருந்தது. ஆனால் அது ஓர் ஆட்டக்காரரின் ஆட்டத்தைப் பற்றிய கருத்து. சொல்வதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. கருத்து தவறென்று மைதானத்தில் நிரூபிக்கப்பட்டது, சொன்னவர் ஏற்றுக்கொண்டார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவில், பகலிரவு டெஸ்ட் வர்ணனையின்போது சக வர்ணனையாளர் ஹர்ஷா போக்லேயிடம், கிரிக்கெட் ஆடியவர்களுக்குத்தான் இது தெரியும் என்ற தொனியில் அவர் பேசியது வேறு வகையான தவறு. சக தொழிலாளரைக் குறைத்துப் பேசியது அது. அதையும் பின்னர் அவரே தவறென்று சொன்னார். 2020 மார்ச்சில் வாரியத்தின் வர்ணனையாளர் பட்டியலிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அண்மைக் காலமாக என் வேலையில் வாரியத்துக்குத் திருப்தி இல்லாமல் இருந்திருக்கலாம், ஒரு தொழில்முறை ஆளாக அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் எழுதினார். எந்தத் தவறுக்காக நீக்கப்படுகிறோம் என்பதை ஒருவர் தானே ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலை அது. சமூக ஊடகமோ அந்த இரண்டு தவறுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வேண்டியதுதான் என்று சிரித்தது. ஆட்டத்தைப் பற்றிய கடுமையான கருத்துக்கும், சக ஊழியரிடம் காட்டிய மரியாதைக் குறைவுக்கும், ஆட்டக்காரரை மிரட்டுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களில் சிலருக்கு நான் அடுத்துச் சொல்லப்போவது பிடிக்காமல் போகலாம். 2016 மார்ச் 31, மும்பை வான்கடே மைதானம். இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் இந்தியா தோற்ற இரவு. செய்தியாளர் சந்திப்பில் சாம் ஃபெர்ரிஸ் என்ற ஆஸ்திரேலிய நிருபர், தொடர்ந்து ஆட விருப்பமா என்று தோனியிடம் கேட்டார். தோனி அவரை மேடைக்கு அழைத்து, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் கை போட்டு, நான் ஓய்வு பெற வேண்டும் என்று விரும்புகிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றார் நிருபர். நான் ஓடுவதைப் பார்த்தால் உடல் தகுதி இல்லாதவன் போலத் தெரிகிறதா? இல்லை, மிக வேகமாக ஓடுகிறீர்கள். 2019 உலகக் கோப்பை வரை தாக்குப்பிடிப்பேனா? நிச்சயமாக. அப்படியென்றால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று முடித்தார் தோனி. அறை முழுக்கச் சிரிப்பு. அந்தக் காணொளி ஆண்டுகள் கடந்தும் நம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தோனியின் நகைச்சுவைக்கும் நிதானத்துக்கும் சான்றாகப் பகிரப்படுகிறது.

ஃபெர்ரிஸ் அந்தச் சூழ்நிலையைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார். தோனியிடமும் கடுமை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு ஓராண்டும் மூன்று மாதங்களும் முன்பு, 2014 டிசம்பர் 30 அன்று, மெல்போர்னில் டெஸ்ட் முடிந்ததும் தோனி செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பற்றி வழக்கம்போலப் பேசிவிட்டு எழுந்து போனார். சற்று நேரத்தில், அவர் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று வாரியத்தின் அறிக்கை வந்தது. அதே அறையில் எதிரே உட்கார்ந்திருந்த நிருபர்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. சாஹாவுக்கு டெஸ்ட் அணியில் நிலையான இடம் திறந்ததும் அந்த அறிவிப்பால்தான். இப்படி ஒரு முன்கதை இருக்கும்போது, முக்கியமான தொடர் ஒன்று தோல்வியில் முடிந்த இரவில் 34 வயது கேப்டனிடம் அதைக் கேட்காத நிருபர்தான் தன் கடமையிலிருந்து தவறியவர். கேட்டவர் உலகத்தின் முன்னால் சிரிப்புக்கு ஆளானார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் நிருபர்கள், நட்சத்திரத்திடம் சங்கடமான கேள்வி கேட்டால் தங்கள் முகமும் இப்படிச் சுற்றிவரும் என்று கற்றிருப்பார்கள். சர்வதேச ஐம்பது ஓவர் ஆட்டத்திலிருந்தும் இருபது ஓவர் ஆட்டத்திலிருந்தும் 2020 ஆகஸ்ட் 15 அன்று தோனி விலகியபோது, இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு மட்டுமே வந்தது. கேள்வி கேட்க எவருக்கும் வாய்ப்பிருக்கவில்லை.

கேள்வியே கேட்காமல் செய்தி போடும் தவறும் உண்டு. என் கணக்கில் மிரட்டலுக்கு அடுத்த பெரிய தவறு அதுதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று, ஜிம்பாப்வேயின் முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டதாக அவருடைய பழைய அணித் தோழர் ஹென்றி ஒலங்கா ட்விட்டரில் எழுதினார். ஸ்ட்ரீக் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தார் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. எழுதியவர் உடன் ஆடியவர். எனவே, உலகெங்கும் பல செய்தித் தளங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. 216 டெஸ்ட் விக்கெட்டுகளை எண்ணி, பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து அஞ்சலிக் குறிப்புகள் வெளியாயின. பெரிய ஆட்டக்காரர்கள் இரங்கல் எழுதினார்கள். சில மணி நேரத்தில் ஒலங்கா, ஸ்ட்ரீக்கே தனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் பதிலை வெளியிட்டு, அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதினார். மும்பையின் மிட்-டே நாளிதழிடம் ஸ்ட்ரீக், ஒருவரின் மரணம் போன்ற பெரிய விஷயம் சரிபார்க்கப்படாமல் இப்படிப் பரவுவது தன்னை மிகவும் வருத்துகிறது என்றும், செய்தியின் மூலமாக இருந்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் கூறினார்.

அவரைத் தொடர்புகொள்ள முடிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு நிருபரிடம் அவருடைய எண் இருந்தது, கேட்டார், பதில் வந்தது. மற்றவர்கள் அந்த ஒரு வேலையைச் செய்யவில்லை. நோயோடு படுத்திருக்கும் ஒருவர் தன் மரணச் செய்தியைத் தானே படிக்கவும், மறுப்பு எழுதவும் வேண்டியிருந்தது. அவருடைய குடும்பமும் அந்த மணி நேரங்களைக் கடக்க வேண்டியிருந்தது. பதினொரு நாட்களுக்குப் பிறகு, செப்டம்பர் 3 அன்று, 49 வயதில் ஸ்ட்ரீக் உண்மையாகவே காலமானார். முதல் செய்தியை வெளியிட்டவர்களில் எத்தனை பேர் வாசகரிடம் முறையாக வருத்தம் தெரிவித்தார்கள்? நான் பார்த்த வரையில் பழைய இணைப்புகள் சத்தமில்லாமல் மாற்றப்பட்டன, சில அழிக்கப்பட்டன. இங்கே யாருக்கும் தடை விதிக்கப்படவில்லை, யார் பெயரும் பேசுபொருளாகவில்லை. எல்லோரும் சேர்ந்து செய்த தவறாக இருந்ததால் அது யாருடைய தவறாகவும் ஆகவில்லை.

தமிழில் விளையாட்டுச் செய்தி படிப்பவர்களுக்கு இந்த வகைத் தவறு அன்றாட அனுபவம். கோலி கொந்தளிப்பு, தோனி அதிரடி முடிவு, அஸ்வின் பகீர் என்று தலைப்பிருக்கும்; உள்ளே போனால், எங்கோ யாரோ பேசியதின் அரை வரி மட்டும் இருக்கும், சில நேரங்களில் அதுவும் இருக்காது. ஆட்டக்காரர் சொல்லாத வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போடுவது, கிரிக்கெட் எழுத்தில் செய்யக்கூடிய மிகக் கீழான செயல் என்று நான் கருதுகிறேன். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு இத்தனை செய்தி என்ற இலக்கோடு குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர்கள். பெயரில்லாமல் வெளியாகும் அந்தச் செய்திகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் அந்த இலக்கை வைத்தவர்களே. 2020 ஊரடங்கின்போது அஸ்வின் தன் யூடியூப் அலைவரிசையில் தமிழிலேயே கிரிக்கெட் பேசத் தொடங்கியதும், ஓர் ஓவருக்குள் நடக்கும் கணக்குகளை அவர் விளக்கியதைக் கேட்க அத்தனை பேர் திரண்டார்கள். ஆழமான பேச்சுக்கு வாசகர் இல்லை என்று சொல்லும் செய்தி ஆசிரியர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டக்காரரின் சொந்த அலைவரிசை நிருபருக்கு மாற்றாகாது. தன்னைச் சங்கடப்படுத்தும் கேள்வியை யாரும் தன் அலைவரிசையில் தானே கேட்டுக்கொள்ள மாட்டார்.

2022 பிப்ரவரியில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய அத்தகைய கேள்விகள் ஏராளமாக இருந்தன. ஸ்கிரீன்ஷாட்டை வெளியிட்ட அதே நாட்களில் சாஹா இன்னொன்றையும் சொன்னார். இனி அணித் தேர்வில் தன்னைக் கருத மாட்டார்கள், ஓய்வைப் பற்றி யோசிக்கலாம் என்று பயிற்சியாளர் ராகுல் திராவிட் தன்னிடம் கூறியதாகவும், ஆனால் கான்பூர் ஆட்டத்துக்குப் பிறகு வாரியத் தலைவர் சவுரவ் கங்குலி, தான் பொறுப்பில் இருக்கும் வரை கவலைப்பட வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்ததாகவும் அவர் வெளிப்படுத்தினார். திராவிட் இதை மறுக்கவில்லை. சாஹா மீது மிகுந்த மரியாதை இருப்பதாகவும், அவருக்கு உண்மையும் தெளிவும் கிடைக்க வேண்டும் என்பதால்தான் பேசியதாகவும், இதை அவர் ஊடகத்தின் வழியாகத் தெரிந்துகொள்வதைத் தான் விரும்பவில்லை என்றும் கொல்கத்தாவில் நிருபர்களிடம் சொன்னார். நேர்மையான பதில் அது.

அங்கேதான் செய்தி இருந்தது. அணியைத் தேர்ந்தெடுப்பது தேர்வுக் குழுவின் வேலை என்றால், வாரியத் தலைவர் ஓர் ஆட்டக்காரருக்கு எந்த அதிகாரத்தில் உறுதி கொடுத்தார்? அந்த உறுதி தேர்வாளர்களுக்கும் பயிற்சியாளருக்கும் தெரியுமா? வேறு எந்த ஆட்டக்காரர்களுக்கு இப்படி உறுதிகள் கொடுக்கப்பட்டன? இவற்றை விசாரிக்க வாரியம் குழு எதையும் அமைக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் ஆட்டக்காரர் தேர்வு விவகாரங்களைப் பற்றி எப்படி வெளியில் பேசினார் என்று சாஹாவிடம் விளக்கம் கேட்கப்படலாம் என்றுதான் வாரியத்தின் பொருளாளர் அருண் துமால் சொன்னார். நிருபரின் மிரட்டலை விசாரித்த மூவர் குழுவிலும் அவர் ஒருவர். இந்தக் கேள்விகளை அவரிடமும் கங்குலியிடமும் நேருக்கு நேர் விடாமல் கேட்க வேண்டியவர்கள் கிரிக்கெட் நிருபர்கள். மைதானத்துக்குள் நுழைய அவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டையை வழங்குவதும் அதே வாரியம்தான்.